மகளின் வரைபடம்

அன்புள்ள நண்பா,

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதே, நீயே போட்டுவிடு.

மகள் பாலோ ஆல்டோவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். வரைபடத்தை அவள் விரித்துவிட்டால் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை. போட்டோவில் நீலமும் மெஜந்தாவுமாக என்னவென்று கேட்டிருந்தாயே, அதுதான் விமானிகளுக்கென்று போடும் வரைபடம், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கான செக்‌ஷனல் சார்ட். நீல நிற விமான நிலையம் என்றால் கண்ட்ரோல் டவர் உண்டு. மெஜந்தா என்றால் கிடையாது. வருகிறவர்கள் ரேடியோவில் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பல் நீட்டியிருந்தால் எரிபொருள் கிடைக்கும். தலையில் நட்சத்திரம் இருந்தால் சுழல்விளக்கு. பாலோ ஆல்டோ பக்கத்தில் 24 என்று போட்டிருப்பது ரன்வேயின் நீளம், நூறடிக் கணக்கில்.

என்னை உட்கார வைத்தது வேறொன்று. அட்சரேகையும் தீர்க்கரேகையும் பிரிக்கும் அரை டிகிரிக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய எண், அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று. பெரிய 4, சின்ன 3 என்றால் 4,300 அடி. அந்தக் கட்டத்தின் மிக உயரமான மலையை எடுத்து, அளவுப் பிழைக்காக 100 அடி, வரைபடத்தில் வராத மரம், கம்பம் எதற்காவது 200 அடி கூட்டி, அடுத்த நூறுக்கு ஏற்றிவிடுகிறார்கள். மலையைவிடக் கோபுரம் 200 அடிக்கு மேல் உயரமென்றால் கோபுரத்தைக் கொண்டு கணக்கு. அந்த உயரத்தில் பறந்தால் போதும் என்று நினைத்துவிடாதே. எதிலும் முட்டாத உயரம், அவ்வளவுதான். மேலே தாராளமாக இடம் விட்டுப் போ என்பது ஆசிரியரின் கண்டிப்பு.

கைவிடப்பட்ட விமான நிலையம் மேலிருந்து அடையாளமாகத் தெரியுமென்றால் அதையும் போட்டு, மேலே ஒரு பெருக்கல் குறி இடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் அதுவும் ரன்வேதானே! இறங்க முடியாத இடத்துக்கும் குறி இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. டிரைவ்-இன் தியேட்டர், பந்தயத் திடல் எல்லாம்கூட அடையாளத்துக்காக உண்டு.

56 நாளுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வருவதால் பழையவை வீட்டில் சேர்ந்துகொண்டே போகின்றன. பறக்க உதவாது, சுவரில் ஒட்டலாம். உன் சின்னவனுக்கு ஒன்று அனுப்பட்டுமா? புதிய வீட்டின் முகவரியை எழுது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழன்