உப்புநீர்க் குளத்திலும் குளோரின்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை முதல் கோவளம் வரை உள்ள வீடுகளில் நீச்சல் குளம் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த உப்புநீர்க் குளம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால், ‘ரசாயனமே வேண்டாம், அவ்வப்போது உப்பைக் கொட்டினால் போதும்’ என்று போட்டிருந்தீர்களே, அதற்கு மறுநாள் காலையிலேயே நான் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வேலைக்குப் போன வீட்டில் அம்மா பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “ஏம்பா, உப்புதானே போடறோம், அப்புறம் எதுக்கு ஆசிட்டுக்குக் காசு கேக்கறே?” என்றார்.

உப்புநீர்க் குளத்திலும் கிருமியைக் கொல்வது குளோரின்தான். தண்ணீர் ‘செல்’ என்ற கருவிக்குள் போகும்போது, மின்சாரம் உப்பிலிருந்து குளோரினைப் பிரித்துத் தருகிறது. பிளீச்சிங் பவுடர் வாளியைத் தூக்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான். பம்ப் ஓடினால்தான் செல்லும் வேலை செய்யும். மின்கட்டணத்துக்குப் பயந்து டைமரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துவிட்டு, தண்ணீர் ஏன் பச்சையாகிவிட்டது என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நம்மூர் வெயிலில், குளோரின் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசர் என்ற மருந்து தண்ணீரில் இல்லாவிட்டால், உண்டாகிற குளோரினும் சில மணி நேரத்தில் போய்விடும்.

சரி, ஆசிட் எதற்கு? செல் ஓட ஓடத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறும். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் அதைப் பிடித்து வைக்கத்தான் ஆசிட். ஏறவிட்டால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. அதோடு, இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: டைட்டானியத் தகடுகளின் இடுக்கில் இட்லித் தட்டில் ஒட்டிய மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் தகட்டின் மேல்பூச்சு போய்விடும், அதோடு செல்லும் போச்சு. தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது) அதில் செல்லை வைத்தால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கியதும் கழுவி மாட்டிவிடலாம். ஆசிட் கேனையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே மோட்டார் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

நான் இதை எழுத முக்கியக் காரணம் ‘அவ்வப்போது உப்பைக் கொட்டினால்’ என்ற வார்த்தைதான். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. குளத்துக்கு மூன்று, மூன்றரை கிராம் போதும். 50,000 லிட்டர் குளத்தை முதன்முதலில் நிரப்பும்போது, நல்ல தண்ணீராக இருந்தால் 150 கிலோ, அதாவது மூன்று மூட்டை. அதன்பிறகு உப்பு எங்கேயும் போகாது. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் வழிந்தாலோ, பேக்வாஷ் (ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு அழுக்கை வெளியேற்றுவது) விட்டாலோதான் உப்பு குறையும். கருவியில் ‘உப்பு குறைவு’ என்று விளக்கு எரிந்தவுடனே மூட்டையைப் பிரிக்கக் கூடாது. செல் அழுக்கானாலும், பழசானாலும் அதே விளக்குதான் எரியும். முதலில் உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டு அளந்து பாருங்கள். போடுகிற உப்பும் அயோடின் கலக்காத, சுத்தமான தூள் உப்பாக இருக்கட்டும். உப்பளத்திலிருந்து நேராக வரும் கல் உப்பில் மண்ணும் மெக்னீசியமும் சேர்ந்தே வரும்.

உப்பு அதிகமாகிவிட்டால் குறைக்க மருந்து கிடையாது. தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் வழி. அப்படி விடுகிற தண்ணீர் எங்கே போகிறது? இந்தப் பக்கம் பல தெருக்களில் பாதாளச் சாக்கடை இல்லை. குழாயை மதில் சுவருக்கு வெளியே நீட்டிவிடுகிறார்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. குளத்து நீர் அதற்கும் மேலே 3500. ஒரு பேக்வாஷுக்கு 500 லிட்டர் என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் கிலோ உப்பு மண்ணில் இறங்குகிறது. ஏற்கெனவே கடல் நீர் உள்ளே வந்துகொண்டிருக்கும் மணல் பூமி இது. பின்தெருவில் கிணற்றை நம்பி இருப்பவர்களுக்குக் குளமும் கிடையாது, டேங்கர் லாரிக்குக் காசும் கிடையாது.

பேக்வாஷை வாராவாரம் செய்ய வேண்டியதில்லை. ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது காட்டும் அழுத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, முள் அதிலிருந்து எட்டு பத்து பி.எஸ்.ஐ. ஏறிய பிறகு செய்தால் போதும். புதிதாகக் கட்டுகிறவர்கள் மணல் ஃபில்டருக்குப் பதிலாக கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் போட்டால் பேக்வாஷே வேண்டாம். கழற்றி ஹோஸ் பைப்பில் அடித்துக் கழுவிக்கொள்ளலாம். விலை கொஞ்சம் கூடத்தான்.

அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதில், குளம் கட்ட நினைப்பவர்கள் எந்த டைல்ஸ் என்று கேட்பதற்கு முன்னால் கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று கட்டுகிறவரிடம் கேட்டு, வரைபடத்திலேயே குறிக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல் குளப் பராமரிப்பாளர் ஒருவர்,
கானத்தூர்