கிரிஸ்பின் டிக்கெல்லுக்குக் கிடைத்த ஒரு வருடத்தை மற்றவர்களுக்கும் கொடுங்கள்

லண்டன் கிங் சார்லஸ் தெருவில், பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் பணியாளர் நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த நாட்டில் வேலை பார்த்து வரி கட்டும் தமிழ்ப் பெண் நான். உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பணிக்காலத்தின் நடுவில் இருக்கும் ராஜதந்திரிகளுக்குச் சம்பளத்தோடு ஒரு வருடம் படிப்பு விடுப்பு கொடுங்கள். என்ன படிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அது அடுத்த பதவிக்குப் பயன்படுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இதைக் கேட்கும் தைரியம் எனக்கு வந்ததே உங்கள் துறைக்காரர் ஒருவரால்தான். 2022 ஜனவரியில், 91 வயதில் காலமான சர் கிரிஸ்பின் டிக்கெல்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது நவீன வரலாறு. 1954இல் உங்கள் பணியில் சேர்ந்தார். ஹேக், மெக்சிகோ, பாரிஸ் என்று வழக்கமான சுற்று. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வதற்காக 1970களின் தொடக்கத்தில் பிரிட்டன் பேச்சுவார்த்தை நடத்தியபோது, அதற்குப் பொறுப்பான அமைச்சரின் தனிச் செயலராக இருந்தார். கெட்டிக்கார அதிகாரி, மேலே வருவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதுவரை அவ்வளவுதான்.

1975இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் தங்கிப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சோவியத் ஒன்றியம், நேட்டோ, ஆயுதக் குறைப்பு என்று எதையாவது எடுத்திருந்தால் யாரும் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்கள். அவர் எடுத்தது காலநிலை மாற்றம். ஒரு ராஜதந்திரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடிய காலம் அது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதலே கரியமில வாயுவை அளந்து வந்தார்கள், அளவும் வருடா வருடம் ஏறிக்கொண்டே இருந்தது. இருந்தும் பூமி குளிர்கிறது என்று எழுதிய பத்திரிகைகளும் அப்போது உண்டு. இந்த வரலாற்றுப் பட்டதாரி உட்கார்ந்து விஞ்ஞானத்தைப் படித்தார். 1977இல் அது ஒரு சிறு நூலாக வெளிவந்தது. காலநிலை மாறினால் அது நாடுகளுக்கு இடையிலான விவகாரம், சர்வதேச உடன்பாடுகள் வழியாகத்தான் அதைக் கையாள முடியும் என்பது அதன் சாரம்.

அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியின் வம்சத்தில் வந்தவர். அறிவியல் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பரம்பரை ஆர்வத்தைத் தரலாம், ஆற அமரப் படிக்க ஒரு வருடத்தைத் தராது.

சரி, அந்த விடுப்பால் துறைக்கு என்ன லாபம்? இரண்டு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்திருந்தால் பூஜ்யம்தான். 1977இல் பிரஸ்ஸல்ஸ் போனார். ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரான ராய் ஜென்கின்ஸின் அலுவலகத் தலைவராக இருந்தார். ஐரோப்பிய நாணய அமைப்பு உருவான காலம் அது, கரியமில வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1981இல் மெக்சிகோவுக்குத் தூதர். 1984இல் வெளிநாட்டு உதவி நிர்வாகத்தின் நிரந்தரச் செயலர். அந்த வருடம்தான் எத்தியோப்பியப் பஞ்சம் தொலைக்காட்சி வழியாக உலகத்தின் வரவேற்பறைகளுக்குள் வந்தது. மழை பொய்த்தால் ஒரு நாடு என்னாகும் என்பதைக் கோப்புகளில் தினமும் பார்க்கும் நாற்காலி அது. 1987இல் நியூயார்க்கில், ஐ.நா.வுக்கான பிரிட்டிஷ் தூதர்.

அப்புறம் 1988 செப்டம்பர் 27. பிரதமர் மார்கரெட் தாட்சர், பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் பேசினார். பூமி என்ற அமைப்பையே வைத்து மனித இனம் தன்னையறியாமல் ஒரு பெரிய சோதனையில் இறங்கியிருக்கலாம் என்று எச்சரித்தார். அந்த உரைக்குப் பின்னால் டிக்கெல்லின் தூண்டுதல் இருந்தது என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அடுத்த வருடம் நவம்பர் 8ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் தாட்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1992இல் நடக்கவிருந்த உலக மாநாட்டுக்குள் காலநிலை மாற்றம் குறித்த உடன்படிக்கை ஒன்று தயாராக வேண்டும் என்றார். 1992இல் ரியோவில் அந்த உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. வருடா வருடம் நடக்கும் காலநிலை மாநாடுகள் எல்லாம் அதன் கீழ்தான் நடக்கின்றன.

எல்லாப் புகழும் டிக்கெல்லுக்கே என்று சொல்ல வரவில்லை. தாட்சர் வேதியியல் படித்தவர், சொன்னால் புரிந்துகொள்வார். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்திருப்பதை 1985இல் வெளியிட்டதே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள்தான். பூமி சூடாகி வருகிறது என்று அமெரிக்க செனட் குழு முன் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் சாட்சி சொன்னதும் 1988 கோடையில்தான். களம் தயாராக இருந்தது. ஆனால் பிரதமரின் நம்பிக்கையைப் பெற்ற அரசு ஊழியர்களில் இந்த விஷயத்தைப் பல வருடங்களாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த ஒருவர் சரியான நேரத்தில் இருந்தார். விதைத்தது 1975, அறுத்தது 1988. பதின்மூன்று வருடம். நீங்கள் இப்போது வைத்திருக்கும் எந்தப் பணி மதிப்பீட்டுப் படிவத்தில் இதை எழுத முடியும்?

எங்களிடம் தலைமை அறிவியல் ஆலோசகர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், இருக்கவும் வேண்டும். ஆனால் ஆலோசகரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றுவதற்கே அறையில் இருக்கும் ஒருவருக்கு விஷயம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டுமே. பதவிகளை நம்பியும் பயனில்லை. காலநிலைக்கான சிறப்புப் பிரதிநிதி பதவியை 2023இல் காலியாக விட்டீர்கள், 2024இல் மறுபடி நிரப்பினீர்கள். அதிகாரியின் தலைக்குள் இருக்கும் படிப்பை அப்படி நினைத்தபோது காலி செய்ய முடியாது.

டிக்கெல் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவள் இல்லை. மக்கள்தொகை மேல் அவர் வைத்த அழுத்தம் எனக்கு உறுத்தும். நிறையப் பிள்ளைகள் பிறக்கும் ஏழை நாடுகள் விட்ட புகை எவ்வளவு, பணக்கார நாடுகள் விட்ட புகை எவ்வளவு என்று பார்த்தால் அந்த வாதம் நொண்டும். அவருடைய செல்வாக்குக்கும் எல்லை இருந்தது. 2002இல் எழுதிய நூலில் தாட்சரே தன் பழைய பேச்சிலிருந்து வெகுதூரம் பின்வாங்கிவிட்டார். அதற்குள் ரியோ உடன்படிக்கை அமலுக்கு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

உங்களிடம் பணம் இல்லை என்பது தெரியும். வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக 2025இல் அரசு அறிவித்ததை நானும் படித்தேன். ஒரு சில அதிகாரிகளின் ஒரு வருடச் சம்பளம் அந்தக் கணக்கில் எந்த மூலைக்கு? அவர்களில் ஒருவர் நிலத்தடி நீரைப் படிக்கட்டும், இன்னொருவர் மருந்துக்கு மசியாத கிருமிகளை, மற்றொருவர் ஆழ்கடல் சுரங்கத்தை. இல்லையென்றால் உங்களுக்கும் எனக்கும் இப்போது வேடிக்கையாகத் தெரியும் வேறு எதையாவது. திரும்பி வந்ததும் அறிக்கை கொடு, செயல்திட்டம் கொடு என்று அவர்களைப் பிடுங்காதீர்கள்.

உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில், எத்தனை பேர் இப்படி விடுப்பில் போனார்கள், என்ன படித்தார்கள் என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். இந்த மடலுக்குப் பதில் போட நினைத்தால் ஆங்கிலத்திலேயே போடலாம், படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
லண்டனில் வாழும் தமிழ் வாசகி ஒருத்தி