ஆறு பட்டாலியன் கணக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

ஹாங்காங்கின் ஷிங் மூன் மலைப்பாதையில், அந்தப் பழைய பிரிட்டிஷ் காவல் கோட்டையில் நீ எடுத்த படங்கள் வந்தன. சுரங்கத்துக்கு 'ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ' என்று லண்டன் தெருப் பெயர் வைத்திருக்கிறார்கள் பார், ஊர் ஏக்கம் அவர்களுக்கு! இவ்வளவு கான்கிரீட் போட்டும் ஜப்பானியர்களிடம் அந்தக் கோட்டை ஒரே ராத்திரியில் எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். பட்டாளத்தில் ஆள் கணக்கு எழுதியே ரிடையர் ஆனவனிடம் கேட்டுவிட்டாய், பொறுமையாகப் படி.

1941 தொடக்கத்தில் ஹாங்காங்கில் இருந்தது நாலு பட்டாலியன், அதாவது சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவுகள் நாலு. இரண்டு பிரிட்டிஷ், இரண்டு நம் நாட்டு ராஜ்புத், பஞ்சாப் ஆட்கள். ஜப்பான் வந்தால் இந்த ஊரைக் காப்பாற்ற முடியாது, ஆள் இன்னும் குறைவாக இருந்தால் தேவலை என்று ஜனவரியிலேயே சர்ச்சில் எழுதிவிட்டார். சரியான கணக்கு. ஆனால் அங்கே தளபதியாக இருந்த கிராசெட் ஊர் திரும்பும் வழியில் கனடாவில் இறங்கி, இன்னும் ஒன்றிரண்டு பட்டாலியன் இருந்தால் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று பேச, லண்டனிலும் மனசு மாறி, கனடாவிடம் ஆள் கேட்டே விட்டார்கள். நவம்பர் 16-ம் தேதி இரண்டு பட்டாலியன், மொத்தம் 1,975 பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய 212 வண்டிகள் வேறு கப்பலில், அவை ஹாங்காங் வந்து சேரவே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. பழைய திட்டத்தில் சீனாவை ஒட்டிய நிலப்பகுதிக்கு ஒரே பட்டாலியன்தான், எதிரியைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டுத் தீவுக்குள் வந்துவிட வேண்டும். ஆறு ஆகிறது என்றதும் புதுத் தளபதி மால்ட்பி அங்கே மூன்றை நிறுத்தினார். சுமார் 18 கிலோமீட்டர் தற்காப்புக் கோடு அது! ஒரு கரண்டி மாவில் கல் முழுக்கத் தோசை இழுத்த மாதிரி, எங்கே பார்த்தாலும் ஓட்டை. நீ நின்ற இடத்தில் இருந்தது ராயல் ஸ்காட்ஸ் என்ற பிரிட்டிஷ் பட்டாலியனின் ஒரு பிளாட்டூனும் (சின்னக் குழு) சொச்சமும். டிசம்பர் 9 ராத்திரி ஜப்பானியர்கள் மேலே ஏறி, காற்றுத் துவாரங்கள் வழியாகக் கையெறி குண்டு போட்டார்கள். 13-ம் தேதி நிலப்பகுதி காலி, கிறிஸ்துமஸ் அன்று சரண்.

நாலோடு விட்டிருந்தாலும் ஊர் விழுந்திருக்கும். ஆனால் கனடாக்காரர்கள் 550-க்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்க மாட்டார்கள், அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கைதிகளாகச் செத்தவர்கள். ஊரைப் பிடித்து வைக்கவும் பத்தாது, பெயருக்கு நிறுத்தி வைக்கவும் அதிகம், இப்படி ஒரு எண்ணிக்கையை எந்த ஆபீஸர் கொண்டுவந்தாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

லீவு கிடைத்தால் சாய் வான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வா. ராஜ்புத் ஆட்களின் பெயர்கள் இருக்கும், கிட்டப் போய் எடு, எழுத்து எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா