கழற்றிப் பூட்டத் தெரிந்தால் கார் சாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில் ரிமோட் கார்களை விலையோடு பட்டியலிட்ட கட்டுரை, டாமியாவை ‘ஜப்பானிய பொம்மை கம்பெனி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. டாமியா விற்பது கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டி ஓட்டும் மாடல். பொம்மைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் பெங்களூரில் பல பெற்றோர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

1946-ல் ஷிசுவோக்கா நகரில் யோஷியோ டாமியா தொடங்கியது மரத்தொழில். அதோடு மர மாடல்களும் செய்தார்கள். 1951-ல் ஆலை தீப்பிடித்தது. பிறகு மர வியாபாரத்தை விட்டு மாடல்களையே தொழிலாக்கினார்கள். 1960-ல் முதல் பிளாஸ்டிக் மாடலான யமாட்டோ போர்க்கப்பல் வந்தது. அடுத்து, மோட்டார் வைத்து ஓடிய பாந்தர் டாங்கிதான் நிறுவனத்தை நிமிர்த்தியது. போர்ஷே 934 மாடலுக்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். 1976-ல் வந்த டாமியாவின் முதல் ரேடியோ ரிமோட் கார் அந்த 934-தான். நிஜக் காரில் 12-ல் ஒரு பங்கு அளவு. மண்ணில் ஓடும் ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும் 1979-ல் வந்தன. கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் இரண்டும் 1984-ல். இந்த நான்கையுமே பின்னாளில் மறுபடியும் தயாரித்து விற்றார்கள். உதிரி பாகம் கிடைக்கும் கார் நாற்பது வருஷமானாலும் ஓடும். கட்டுரை சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் கிட் வாங்கினால் மட்டும் போதாது, கட்டும்போதே கெடுப்பவர்கள் அதிகம். முதல் பிழை ஸ்க்ரூடிரைவர். ஜப்பானிய ஸ்க்ரூவின் தலை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. நம் ஊர் எஸ்.பி. ரோடு கடைகளில் வாங்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக உட்காராது. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே ஏறிய ஸ்க்ரூவை மறுபடி போடும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று பழைய புரியில் விழுந்த பிறகு வலப்பக்கம் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப் புரி வெட்டி நாலைந்து தடவையில் ஓட்டை தளர்ந்துவிடும். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் த்ரெட் லாக் பசை, உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். பினியன் என்பது மோட்டாரில் மாட்டும் சின்னப் பல்சக்கரம். அதன் சிறு ஸ்க்ரூ, மோட்டார் ஷாஃப்டில் தட்டையாகச் சீவிய பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

விலை குறைந்த கிட்களில் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புஷ், அதாவது குண்டு இல்லாத வெறும் வளையம் வரும். நம் ஊர்ப் புழுதி உள்ளே போனால் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து, ஷாஃப்ட் ஆடி, கியர் பல்லைக் கடிக்கும். கட்டும்போதே ரப்பர் சீல் வைத்த பால் பேரிங் போடுங்கள். பெரும்பாலும் தேவைப்படுவது 1150 வகை: உள்விட்டம் 5 மி.மீ., வெளிவிட்டம் 11, தடிமன் 4.

பெயின்ட்டிலும் ஏமாறுகிறார்கள். கிராஸ்ஹாப்பரின் கூடு கெட்டி பிளாஸ்டிக், அதற்கு வெளிப்புறம் டாமியாவின் டிஎஸ் வகை ஸ்ப்ரே. ஹார்னெட்டின் கூடு கண்ணாடி போன்ற பாலிகார்பனேட். பாத்திர சோப்பில் கழுவிக் காயவைத்து, உட்புறம் பாலிகார்பனேட்டுக்கான பிஎஸ் வகை ஸ்ப்ரே அடிக்க வேண்டும், அடர்நிறம் முதலில். மாற்றி அடித்தால் முதல் மோதலிலேயே செதில் செதிலாக உரியும்.

பழைய காரின் 7.2 வோல்ட் பேட்டரிக்குப் பதில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மாட்டுபவர்கள், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரில், வோல்டேஜ் குறைந்தால் தானே நிறுத்தும் கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள். செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டு உப்பிவிடும். பேட்டரியைக் காரோடு இணைக்கும் வெள்ளை கனெக்டரின் உள்ளே இருக்கும் உலோகப் பின் தளர்ந்தால் சூடேறி பிளாஸ்டிக் உருகும். தொட்டுப் பார்த்துச் சுட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு காரின் விலைக்குப் பக்கத்தில் டிஃப் கியர் (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது), முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை), டயர் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் போடுங்கள்.

மாடல் கார் கட்டும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு