ரயில் சற்றே நின்ற ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கிராமங்களின் வரலாறு என்றாலே 1086ஆம் ஆண்டு நிலப் பதிவேடும் தேவாலயங்களும் பிரபுக்களின் மாளிகைகளுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன; க்ளஸ்டர்ஷயரின் அட்லஸ்ட்ராப் என்னும் சிற்றூரை உலகறியச் செய்ததோ ஒரு சிறு கவிதை. 1914 ஜூன் 24 அன்று, போர் மூள்வதற்குச் சில வாரங்களுக்கு முன், அங்கே ரயில் நின்றபோது கேட்ட பறவைகளின் பாட்டைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்ட எட்வர்ட் தாமஸ், அதுவரை உரைநடை எழுதியே பிழைத்தவர்; 36 வயதில்தான் கவிதைக்கு வந்தார். மூன்று பிள்ளைகளின் தந்தையான அவர், 1915இல் தாமாகவே படையில் சேர்ந்து, 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்சின் அராஸ் களத்தில் உயிரிழந்தார். அவர் வாழ்ந்த ஹாம்ப்ஷயரின் ஸ்டீப் கிராமத்துக் குன்றில் நினைவுக்கல் உண்டு. அட்லஸ்ட்ராப் நிலையம் 1966இல் மூடப்பட்டுவிட்டது; அதன் பெயர்ப்பலகையை ஊரார் பேருந்து நிழற்குடையில் வைத்துள்ளனர். என் பார்வையில் மாளிகைகளைவிட அதுவே மேலான ஆவணம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்