முற்றத்தை அளந்து அனுப்புங்கள், அப்பா

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னவள் எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் மாமியும் நலம். (இங்கே அத்தை என்று கூப்பிடுவதில்லை. மாமியார் என்றால் மாமிதான்.) போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாள். போனை எடுப்பது எப்போதும் அண்ணன். எடுத்த கையோடு எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். இது இப்போதைக்கு அவன் காதில் விழ வேண்டாத விஷயம். தவிர, இதோடு ஒரு படமும் வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படியுங்கள், பிறகு படத்தைப் பிரியுங்கள்.

முற்றத்தை மூடி மேலே கான்கிரீட் தளம் போடப் போவதாக அண்ணன் சொன்னானாம். ஆவணியில் கொத்தனார் வருகிறாராம். நீங்கள் போனில் இதைச் சொன்னபோது உங்கள் குரலில் விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் என் வேலை என்னவென்று சொல்லாவிட்டால் நான் கேட்கப் போவது உங்களுக்கு விளங்காது.

நான் பொம்மை வீடு செய்யும் கடையில் இருப்பதாகப் பெரியம்மா காரைக்குடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். பாதி சரி. கட்டடக் கலைஞர்களும் வீட்டின் உள்ளே அலங்கரித்துக் கொடுப்பவர்களும் வரைபடத்தைக் கொண்டுவந்து தருகிறார்கள். அதை அட்டையிலும் மரத்திலும் சிறிதாகக் கட்டித் தருவது எங்கள் வேலை. மாடல் என்கிறோம், இங்கே பாடப் புத்தகத்தில் மாதிரியுரு என்று அழகாக எழுதுகிறார்கள். பட்டறை, காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ஒழுங்கை என்றால் நம் ஊர்ச் சந்து. அதன் முனையில் தண்டவாளம், தண்டவாளம் தாண்டினால் கடல். ரயில் போகும்போதெல்லாம் மேசைமேல் நட்டு வைத்த அரையங்குல மரங்கள் புயலில் ஆடுவதுபோல ஆடும்.

பட்டறை நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். எல்லோரும் ஐயா என்கிறோம். முதல் நாள் நான் அட்டை வெட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஆறுதலாக வெட்டு பிள்ளை" என்றார். எனக்கு என்ன துக்கம் வந்துவிட்டது என்று இவர் ஆறுதல் சொல்கிறார் என முழித்தேன். இவர்கள் தமிழில் ஆறுதலாக என்றால் நிதானமாக. சாவி என்பது திறப்பு, நாற்காலி கதிரை, அடுக்களை குசினி. "குசினிக்கு இரண்டு யன்னல், திறப்பு மேசைமேல்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனால், நான் அதை ஒருமுறை மனதுக்குள் காரைக்குடித் தமிழாக்கிக்கொண்டுதான் கத்தியை எடுப்பேன். இன்னொருவன் மொறட்டுவையிலிருந்து வரும் சிங்களப் பையன். அந்த ஊர் தச்சர்களுக்குப் பேர்போனது; அவன் அப்பாவும் உங்களைப் போல மரவேலைக்காரர். சிங்களத்திலும் அக்கா அக்காதான். தம்பியை மட்டும் மல்லி என்கிறார்கள். அவனை மல்லி என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கொத்தமல்லி நினைவு வந்து சிரிப்பை அடக்க வேண்டியிருக்கிறது.

இனி கணக்கு. வீட்டு மாடல்களை நாங்கள் பெரும்பாலும் 1:50 என்ற அளவில் செய்கிறோம். நிஜத்தில் 50 அடி இருப்பது மாடலில் ஓரடி. உங்கள் அங்குலக் கணக்கில் சொன்னால், ஓரடி என்பது 6 மில்லிமீட்டரும் துளியும். ஓரங்குலம் அரை மில்லிமீட்டர். என் பென்சில் முனையே அரை மில்லிமீட்டர்தான் அப்பா! நான் கிழிக்கும் கோட்டின் தடிமன் ஓரங்குலம். கோட்டுக்கு உட்பக்கம் வெட்டினால் ஒரு வீடு, வெளிப்பக்கம் வெட்டினால் வேறு வீடு. "கோட்டைத் தின்னாமல் அறுடா" என்று அண்ணனை நீங்கள் அதட்டியதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது நான்தான். அது இங்கே எனக்குச் சோறு போடுகிறது. ஒரு தெருவையோ பேட்டையையோ காட்ட 1:500 போதும். இங்கே தாமரைக் கோபுரம் என்று ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் ஒன்று நிற்கிறதே, அந்த அளவில் அது 70 சென்டிமீட்டர். ஓர் அறையின் உள்ளலங்காரம் மட்டும் என்றால் 1:20 வரை போவோம். அதில் கதிரைக் கால்கூட ஒழுங்காக நிற்க வேண்டும்.

சுவருக்கு 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பஞ்சு அட்டை. இரண்டு பக்கமும் தாள், நடுவில் நுரை. 1:50இல் அது 25 சென்டிமீட்டர். பூச்சோடு சேர்த்து ஒன்பதங்குலச் செங்கல் சுவருக்குச் சரியாக வரும். இதில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. ஒரு படுக்கையறை, வெளியளவு மூன்றரை மீட்டர், ஆகவே 70 மில்லிமீட்டர். எதிரெதிர்ச் சுவர் இரண்டுக்கு நடுவில் மாட்டும் சுவரை, இருபக்கத் தடிமனையும் கழித்து 60 என்று வெட்ட வேண்டும். நான் 70 என்றே வெட்டி ஒட்டிவிட்டேன். பார்க்க வந்த வீட்டுக்கார அம்மா குனிந்து பார்த்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அலுமாரி தாராளமாக நிற்கிறதே என்று பூரித்துப்போனார். ஐயா ஒன்றும் பேசாமல் இரும்பு அடிக்கோலை எடுத்து வைத்தார். அறை அரை மீட்டர் வளர்ந்திருந்தது. நிஜ அறையில் அந்த அலுமாரி நிற்காது. அந்த அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இங்கே நிலம் விற்பது பேர்ச் கணக்கில், நம் ஊர் சென்ட் போல. ஒரு பேர்ச் 272 சதுர அடி சொச்சம். அவர் போனபிறகு ஐயா, "கொழும்பில் அரை மீட்டர் நிலத்தைச் சும்மா கொடுத்த ஆள் நீதான் பிள்ளை" என்றார். அவ்வளவுதான் திட்டு. இரவு பத்து மணிவரை இருந்து பிரித்து ஒட்டினேன்.

பசையிலும் பட்டேன். நாம் தெர்மாகோல் என்பதை இங்கே ரெஜிபோம் என்கிறார்கள். அதை அடுக்கி ஒரு மேடு செய்து, செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையைத் தாராளமாகப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் மேடு இருந்த இடத்தில் குளம். அந்தப் பசையிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடுமாம். நீங்கள் பிளைவுட்டுக்குப் பூசும் வெள்ளைப் பசைதான் இதற்கும். காயச் சோம்பும், ஆனால் எதையும் தின்னாது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன். கடற்காற்று இங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. புதுக் கத்தி அலகு ஒரு வாரத்தில் துருப்பிடிக்கிறது. தரைக்கு மரத்தாள் ஒட்டிய அட்டைகளெல்லாம் மறுநாள் அப்பளம்போல வளைந்து கிடந்தன. மல்லி மேலே செங்கல் ஏற்றிப் பார்த்தான், எடுத்ததும் மறுபடி வளைந்தது. கதவின் ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால் முறுக்கிக்கொள்ளும், பின்பக்கமும் ஒட்டு என்பீர்களே? அட்டையின் அடியிலும் அதே தாளை ஒட்டச் சொன்னேன். நேராக நின்றுவிட்டது. "யார் சொல்லித் தந்தது?" என்று ஐயா கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம்.

பால்சா என்று ஒரு மரம் இருக்கிறது, தென்னமெரிக்காவிலிருந்து வருவது. அதைக் கையில் எடுத்தால் மரம் என்றே நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நகம் பட்டால் பள்ளம். ரேகையோடு போனால் வெண்ணெய், குறுக்கே வெட்டினால் நார் நாராகப் பிய்யும். அழுத்தி வெட்டவே கூடாது. அதே கோட்டில் மெல்ல மெல்ல நாலைந்து தடவை இழுக்க வேண்டும்.

ஐயா தேநீர் நேரத்தில் சொன்ன கதை ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். ஸ்பெயினில் கௌடி என்று ஒரு கட்டடக் கலைஞர். ஒரு தேவாலயத்தின் வளைவுகளைக் கணக்கிட, கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டு நிரப்பிய சின்னப் பைகளைக் கட்டினாராம். எடைக்குத் தகுந்தபடி நூல் தானே வளையும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் கல் வளைவு எப்படி நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நம் தூக்குக்குண்டு சமாச்சாரம்தான், ஆனால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

பெண்பிள்ளைக்குக் கட்டட வேலை எதற்கு என்று பெரியம்மா மறுபடி கேட்டால், இந்த நாட்டு மினெட் டி சில்வா 1948இலேயே பிரிட்டன் கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண் என்று சொல்லுங்கள். வாயை மூடுவாரா தெரியாது. சொல்லி வையுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னை ஜெஃப்ரி பாவாவின் வீட்டைப் பார்க்க அழைத்துப் போனார். பாவா 2003இல் காலமானார். ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை என்ற ஊரிலுள்ள பாராளுமன்றத்தை வடிவமைத்தவர். மதுரையில் கோச்சடைப் பக்கம் அவர் வரைந்த கிளப் கட்டடம் இப்போது ஓட்டலாக இருக்கிறது, நீங்கள் அந்த வழியாகப் போயிருக்கக்கூடும். கொழும்பு 3இல், குறுகிய ஓர் ஒழுங்கைக் கோடியில் அவர் வீடு. வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1958இல் குடியேறி, பத்தாண்டுக்குள் நான்கையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார். பக்கச் சுவரில் யன்னல் வைக்க வழியில்லாத இடம். அங்கங்கே வானத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார். முற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது, சில இடத்தில் கைக்குட்டை அளவுதான். நடைபாதையில் நடந்தால் இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். வெயில் ஏறிய நேரத்திலும் உள்ளே குளுமை. எனக்கு நம் வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல இருந்தது.

அண்ணனிடம் இதைச் சொன்னால், அது பணக்காரன் வீடு என்பான். வரைபடத்தை நீட்டினால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். ஆனால் மாடலைப் பார்த்தால் யாரும் குனிவார்கள், அப்பா. கண்ணைச் சுருக்கி வாசல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். கோபமாக வருகிறவர்கள்கூட அப்படித்தான். ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே நம் வீட்டை இரண்டாகச் செய்யப் போகிறேன். ஒன்று முற்றம் மூடியது, ஒன்று திறந்தது. இரண்டிலும் மேலேயிருந்து டார்ச் அடித்துக் காட்டினால் கூடத்தில் எவ்வளவு வெளிச்சம் மிஞ்சுகிறது என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும். மாடி வேண்டுமானால் பின்கட்டின் மேல் எழுப்பலாம். அதையும் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்கிறேன்.

இப்போது படத்தைப் பிரியுங்கள். நினைவிலிருந்து போட்டது. முற்றம் பதினாறடி என்று வைத்தேன். அதைச் சுற்றி ஓடியவளுக்குத் தெரியாதா என்ன? இருபக்கத் தாழ்வாரமும் எட்டெட்டு அடி. கூட்டினால் 32. பத்திரத்தில் மனை அகலமே 24 அடிதான்! பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் எட்டடியைச் சேர்த்துக்கொண்டுவிட்டேன். அடுத்தது, உங்கள் உருவத்தை அட்டையில் வெட்டினேன். ஐந்தடி ஆறங்குலம், முப்பத்து மூன்றரை மில்லிமீட்டர், தோளில் துண்டு உட்பட. திண்ணையில் நிற்க வைத்தால் தலை கூரையில் இடிக்கிறது. என் அளவு பிழையா, அல்லது நீங்கள் அங்கே எப்போதும் குனிந்துதான் போவீர்களா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். முற்றத்தின் நீளமும் அகலமும் வேண்டும், தூணின் உள்முகத்திலிருந்து எதிர்த்தூணின் உள்முகம் வரை. தூண் தடிமன், தரையிலிருந்து இறவாரம் வரை உயரம், முற்றத்துக்கு இறங்கும் படி ஒவ்வொன்றின் உயரம் (மூன்றா நான்கா என்பதே சந்தேகமாக இருக்கிறது), கைமரம் எத்தனை, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி. ஓட்டுக்குக் கவலை இல்லை, பிஸ்கட் பெட்டி அட்டையின் மேல்தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக இருப்பது போதும். ஆனால் கதவுக்கும் தூணுக்கும் உங்கள் இழைப்புளியில் விழும் தேக்குச் சுருள்தான் வேண்டும். அம்மா அடுப்பில் போடுவதற்குமுன் நீளமானதாக ஒரு பிடி எடுத்து, லேசாக ஈரத்துணியால் தடவி விரித்து, பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்து அழுத்துங்கள். மாமியின் தங்கை மகன் மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறார், அவரிடம் கொடுத்தனுப்பலாம்.

ஆடியில் அண்ணன் எதையும் இடிக்க மாட்டான். அந்த ஒரு மாதம் எனக்குப் போதும். இங்கே ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும், நம் நகரத்தார் தொடங்கி வைத்த விழா. அன்று ஒருநாள் மட்டும் விடுமுறை எடுப்பேன்.

முழக்கோலால் அளக்காதீர்கள், டேப்பால் அளந்து அங்குலத்தோடு எழுதுங்கள். மறுமுனையை அம்மா பிடிக்கட்டும். அண்ணன் கேட்டால் ஓடு மாற்றக் கணக்குப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சின்னவள்