நினைவு மலரை எங்கே தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக எண்ணிம ஆவணகங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை எத்தனை பக்கம் ஏற்றியாயிற்று என்ற கணக்கோடு நின்றுவிட்டது. ஏற்றியது தேடும்போது அகப்படாவிட்டால், அது அலமாரிக்குப் பின்னால் விழுந்த புத்தகம்தான். ஆய்வேடுகளும் சஞ்சிகைக் கட்டுரைகளும் எப்படியோ அகப்பட்டுவிடும். எழுதியவர், துறை, ஆண்டு எல்லாம் முகப்பிலேயே இருக்கும். சிக்கல் ஊர் மக்களிடமிருந்து திரட்டும் ஊர்ச் சேகரங்களில்தான். யாழ்ப்பாணத்து வீடுகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் நினைவு மலரை மட்டும் எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறோம்.

'கல்வெட்டு' என்றும் சொல்லப்படும் இந்தச் சிறு நூல் ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சாவது. திருமுறைப் பாடல்கள், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, சரமகவி என்னும் இரங்கற்பா, பலவற்றில் கடைசியாக ஒரு வமிசாவளி. மலாயா ரயில்வேயில் உழைத்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய தலைமுறையைப் பற்றியும், எந்த ஊரார் எந்த ஊரில் சம்பந்தம் செய்தார்கள் என்பதைப் பற்றியும் அறிய இதைப்போல் நெருக்கமான அச்சுச் சான்று குறைவு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை போக, மிஞ்சியதில் பெரும்பங்கு வீட்டு அலுமாரிகளில் இருப்பதுதான்.

முதல் தொல்லை தலைப்பு. அட்டையில் இருப்பதை அப்படியே பதிந்தால் நூறு பதிவுகளுக்கும் 'நினைவு மலர்' என்பதே பெயர். ஆசிரியர் கட்டம் வெறுமை. அமரரின் பெயரைப் பொருட்தலைப்பாகவும் (நூல் யாரைப் பற்றியது என்று காட்டும் கட்டம்), பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அச்சகம் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் பதியவேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதவேண்டும். கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள். அவற்றை மாற்றுப் பெயர்க் கட்டத்தில் சேர்க்காவிட்டால், லண்டனிலிருந்து தேடும் பேரப்பிள்ளைக்குத் தாத்தா கிடைக்கமாட்டார்.

அடுத்தது திகதி. இங்கே தவறு நடந்தால் கண்டுபிடிப்பது கடினம். திதி வெண்பா ஆண்டின் பெயரையும் மாதத்தையும் திதியையும் சொல்லும். ஆனால் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. சர்வசித்து என்றால் 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரையும் தாளையும் பார்த்து 1947 என்று தீர்த்தாலும் வேலை முடியவில்லை. ஆண்டு சித்திரையில் பிறப்பதால், சர்வசித்து தை மாதத்தில் பெரும்பகுதி 1948 ஜனவரியில் விழும். 1947 என்று பதிந்தால் ஓராண்டு பிசகு. இதற்குமேல், இறந்த நாள் வேறு, வெளியீட்டு நாள் வேறு. இடையில் ஒரு மாதம். மார்கழி முற்பாதியில் இறந்தவரின் மலர் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் வெளிவந்திருக்கும். இரண்டுக்கும் தனிக் கட்டம் வேண்டும்.

எழுத்துருவும் சேர்ந்து படுத்தும். ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்பிலிருந்து படியெடுத்தால் ஆங்கில எழுத்துகள்தான் வந்து விழும். ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியும் அரைப்புள்ளியாக நிற்கும். அது பார்த்ததும் தெரிகிற பிழை, மாற்றிவிடலாம். துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டிய இடமும், 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வையும் 'ள'வையும் தட்டிய இடமும் கண்ணுக்குத் தப்பும், தேடுபொறிக்குத் தப்பாது. 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஒருங்குறி இயல்பாக்கம் செய்யாத ஆவணகத்தில் அவை இரண்டு வேறு சொற்கள்.

ஸ்கான் பற்றியும் சொல்லவேண்டும். கைபேசிச் செயலியில் எடுத்த பிடிஎஃப்பையே பலர் அனுப்புகிறார்கள். செயலி தாளை வெள்ளையாக்கும்போது பென்சிலால் எழுதிய திருத்தம் மறைந்துபோகிறது, படத்தில் முகமும் வெளிறிப்போகிறது. ஏ5 அளவுப் பக்கத்தை 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 23 மெகாபைட். 40 பக்க மலர் ஒன்று 925 மெகாபைட் அளவில் வரும். மூலப்பிரதி இதுவாக இருக்கட்டும், வாசகருக்குச் சிறிய பிடிஎஃப் போதும். மலரைத் தைத்த துருப்பிடித்த கம்பியைப் பிடித்து இழுத்தால் நடுத்தாள் கிழியும். கம்பியின் மடங்கிய முனைகளை மெல்லிய தகட்டால் நிமிர்த்திய பிறகே எடுக்கவேண்டும். மடித்து வைத்த வமிசாவளித் தாள் ஸ்கானரில் அடங்காது. துண்டு துண்டாக எடுங்கள், ஒவ்வொன்றும் அடுத்ததோடு இரண்டு சென்ரிமீற்றராவது மேல்விழட்டும். இல்லாவிட்டால் இணைக்கும்போது யாராவது ஒரு மருமகன் காணாமல் போவார்.

எல்லாவற்றையும் திறந்துவிடவும் முடியாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும். சரமகவி பாடிய புலவருக்கும் அது பொருந்தும். வமிசாவளியில் உயிரோடிருப்பவர்களின் பெயரும் நன்றியுரையின் கீழ் வீட்டு முகவரியும் இருக்கும். விவரக்குறிப்பை எல்லோருக்கும் காட்டி, கோப்பை மட்டும் வாசிகசாலைக் கணினியில் திறக்கும்படி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மலரைக் கொடுப்பவர்கள் எழுத்தில் சம்மதம் தரும்போதே இந்தத் தெரிவையும் கேட்டுப் பெறவேண்டும். அமரரின் முழுப்பெயர், ஊர், ஆங்கிலத் திகதி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதித் தந்தால் பெரிய உதவி. மலரின் மேல் பேனா படவேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக நூலகமும் எச்பி நிறுவனமும் 2002இல் வெளியிட்டு இன்று ஏராளமான பல்கலைக்கழகங்களில் ஓடும் டி-ஸ்பேஸ் என்ற ஆவணக மென்பொருளில் 'சமூகம்' என்பது வெறும் நிர்வாகப் பிரிவு. பீடம் ஒரு சமூகம், துறை ஒரு துணைச்சமூகம். உண்மையான சமூகத்தின் சேகரம் 'ஏனையவை'யின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊர்ச் சேகரங்களுக்கு முகப்பிலேயே ஒரு தனிச் சமூகத்தைத் திறந்து, அதன்கீழ் ஊர்வாரியாகப் பிரிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. நிர்வாகிக்கு ஒரு பிற்பகல் வேலை.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஆவணகத்திலிருந்து படமோ பகுதியோ எடுத்து வெளியிடும்போது உலாவியின் மேல்பட்டையில் தெரியும் முகவரியைப் போடாதீர்கள். மென்பொருளைப் புதுப்பித்தால் அது மாறிவிடலாம். பதிவுப் பக்கத்தில் 'ஹேண்டில்' என்று நிலையான இணைப்பு ஒன்று தரப்பட்டிருக்கும், அதை அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
பல்கலைக்கழக நூலக எண்ணிமப் பிரிவுப் பணியாளர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.